தொண்ணூற்றாறு

தானியக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவள் நான்.
இருபத்தெட்டு அறுவடைகளாக
இந்த ஊரின் ஒவ்வொரு கையெழுத்தும்
என் மேசைக்கு வந்து போயிருக்கிறது.
ஆகையால் நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
ரகசிய வாக்கெடுப்பு என்று ஒன்று
எனக்குக் கிடையாது.

இதை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.
எண்ணுவதற்கு ஆள் கேட்டார்கள்,
கணக்குத் தெரிந்தவள் என்று என்னைக் கைகாட்டினார்கள்,
எழுந்து போய் உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பர். சோளம் முழுக்க உள்ளே வந்தாயிற்று.
கோயிலின் கீழறையில் காபி
காய்ந்து காய்ந்து கசந்துகொண்டிருந்தது.
லிங்கனிலிருந்து வந்த கண்காணிப்பாளர் அம்மா
கேள்வியை இரண்டு தரம் வாசித்தார்.
மெதடிஸ்ட் ஐக்கியத்தில் இருக்கவா, விலகவா?
ஒரு சொல் மட்டும் எழுதுங்கள்.
கேள்விக்குள் ஆணும் ஆணும் இல்லை,
பெண்ணும் பெண்ணும் இல்லை.
சொத்துப் பத்திரம் இருந்தது,
ஓய்வூதிய பாக்கி இருந்தது,
மூன்றில் இரண்டு பங்கு என்றொரு பின்னம் இருந்தது.

என்னோடு எண்ண உட்கார்ந்தவன் டுவேன் குச்செரா.
மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றபோது அச்சடித்த பலகை
இன்னும் அவன் வண்டியின் பின்புறம் கிடக்கிறது:
குடும்பம், விசுவாசம், நிலம்.
இருநூற்றுச் சொச்சத்தில் தோற்றான்.
அந்த இருநூறை எங்கே தேடுவதென்று
அன்றிலிருந்து அவனுக்குத் தெரியும்.

விலக. மறுபக்கம் புடைக்க அழுத்தி எழுதியது:
விதைக்கடன் பத்திரத்திலும் ஹார்லன் இப்படித்தான்.
விலக.
விலக.
இருக்க. இது லவான்.
மகள் ஒமாகாவில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டதை
எந்த விருந்திலும் வாய் திறந்து சொல்லாதவள்.
விலக. அவள் கணவன்.
ஒரே பேனா.

ஆர்விட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
மேலே ஆர்கன் பெஞ்சில் முப்பத்தொரு வருடம்.
எங்கள் பாட்டுப் புத்தகங்களின் ஓரத்தில்
எங்கே மூச்சு வாங்க வேண்டுமென்று
பச்சைப் பென்சிலால் குறித்து வைத்தவர்.
தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த வீட்டில்
கார்லண்டோடு குடியிருக்கிறார்.
ஒன்றுவிட்ட தம்பி என்றொரு சொல்லை
ஊர்தான் தேடி எடுத்துக் கொடுத்தது.
வேண்டாமென்று அவர்கள் திருப்பித் தரவில்லை.
கார்லண்டுக்குப் பக்கவாதம் வந்த குளிர்காலம்
மூன்று மாதம் அந்த வீட்டில் அடுப்பெரியவில்லை.
நாங்கள் கொண்டுபோனோம்.
பாத்திரத்தின் அடியில் நாடா ஒட்டி
யார் வீட்டுடையது என்று எழுதிய கைகள்தாம்
இப்போது என் முன்னால்
இரண்டு குவியலாக.

தொண்ணூற்றைந்து. நாற்பத்தேழு.
டுவேன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.
ஒன்று குறைந்துவிட்டது என்று நினைத்தான்.
காணிக்கைத் தட்டின் வெல்வெட்டில்
இன்னொரு சீட்டு ஒட்டிக்கிடந்தது.
பச்சைப் பென்சில்.
விலக.

திருப்பிப் பார்த்தேன். பின்னால் எதுவுமில்லை.
நாங்கள் போய்விட்டால்
தான் போக வேண்டியதில்லை என்று நினைத்தாரா?
நாலு வருடத்துக்கு ஒருமுறை
தன் படுக்கையறையைப் பற்றி
முன்பின் தெரியாதவர்கள் மைக்கில் பேசித் தீர்மானம் போடுவது
போதும், முடியட்டும் என்றா?
அல்லது என்னைப் போலவே
கை வந்தபடி எழுதிவிட்டு
தட்டை அடுத்தவரிடம் தள்ளினாரா?

யாருடையது இது, என்றான் டுவேன். குரல் தழைந்திருந்தது.
எப்படித் தெரியும், என்றேன்.
ரகசிய வாக்காயிற்றே.

என்னுடையது அந்த நாற்பத்தேழில் கிடந்தது.
இடக்கையால் எழுதியிருந்தேன்,
வேறு யாரோ எழுதியதுபோல.

முடிவை வாசித்ததும் யாரும் கைதட்டவில்லை.
பாட்டு வேண்டியதில்லை என்றார் கண்காணிப்பாளர் அம்மா.
ஆர்விட் அதற்குள் படியேறிப் போய் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.
கீழேயிருந்தே பாடினோம்,
இருந்தவர்களும் விலகியவர்களும்,
புத்தகத்தைப் பார்க்காமலே
அந்தந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு.

வெளியே ஹீட்டர் ஓடும் வண்டியில்
கார்லண்ட் உட்கார்ந்திருந்தார்.
சபையில் பேர் எழுதிக்கொள்ளாதவர், வாக்கில்லை.
கண்ணாடி முழுக்க உறைபனி.
கடன் அட்டையின் விளிம்பால்
அவர் முகம் தெரியும் அளவுக்குச் சுரண்டினேன்.
நல்ல கையை உயர்த்தி
என்ன ஆயிற்று என்பதுபோல விரல்களை விரித்தார்.
இன்னும் கொஞ்சம் சுரண்டினேன்.